தேரடி – வடபழனி

ஜூன் 2, திங்கள்
இளையராஜா சார் பிறந்தநாள். டீக்கடையில விடிஞ்சதுலேருந்து அவர் பாட்டுதான். பாட்டை விட்டுட்டு அடியில பேஸ் கிட்டார் எங்க போகுதுன்னே கேட்டுட்டு நின்னேன். டீ ஆறிடுச்சு. தன்ராஜ் மாஸ்டர்கிட்ட கத்துக்கிட்டது அவருக்குக் காதுல ஏறிச்சு. எனக்கு இன்னும் விரல்லயே ஏறல. கீபோர்டுல ரெண்டு கட்டை ஒட்டுது. உப்புக் காத்து.

ஜூன் 4, புதன்
நான் வேலை பாக்குற மியூசிக் டைரக்டர் சார் ஒரு சீன் குடுத்தார். ரோட்டோர வீடு. அம்மா கதவைத் திறக்கிறா, தயங்குறா, 22-வது செகண்டுல மகனைப் பாக்குறா. கடைசியில ரெண்டு வரி வசனம். அந்தப் பார்வையில இசை விழணும். செகண்டுக்கு 24 ஃபிரேம், டெம்போ 90, அப்ப ஒரு அடிக்கு 16 ஃபிரேம். பார்வை ஒன்பதாவது பார்ல ரெண்டாவது அடிக்கு வந்து நிக்குது. நொண்டுது. டெம்போ 87.27 வெச்சேன். முதல் அடி, டக்குனு! ராத்திரி ஒரு மணி. தூக்கம் வரல.

ஜூன் 5, வியாழன்
சார் டெம்போவைத் திரும்ப 90 ஆக்கிட்டார். "நடுவுல ஒரு பாரை மட்டும் அஞ்சு அடியாக்கு." அவ்வளவுதான். அம்மா தயங்குற இடத்துல அந்த ஒத்தை அடி. உடம்பு சிலிர்த்துடுச்சு. பொறாமையாவும் இருந்தது.

ஜூன் 8, ஞாயிறு
ஒரு குறும்படக்காரர் ஃபோன். "நீ வட சென்னைதானே, வெட்டுக்குத்துக்கு ஒரு கானா போட்டுக் குடு." எங்க தெருவுல சாவு வீட்டுல விடிய விடிய பாடுற பாட்டு அது. கடுப்பு. வடிவுடையம்மன் கோயில்ல போய் உக்காந்தேன். தியாகய்யர் இந்த அம்மன் மேல அஞ்சு கீர்த்தனை பண்ணியிருக்கார், ஒண்ணு கல்யாணி. எங்க ஊருக்குக் கல்யாணி ஆகாதா? கொசு பிடுங்குச்சு. வீட்டுக்கு வந்து கானா போட்டேன். நல்லாவே வந்தது. காசு வேணுமே.

ஜூன் 10, செவ்வாய்
"எடு." வசனத்து மேல வயலின் வெச்சிருந்தேன். 2000 – 4000 ஹெர்ட்ஸ் பேச்சுக்கு விடணுமாம், வயலின் பளபளப்பும் அங்கதான் இருக்கு. செல்லோ வெச்சேன். "அதையும் எடு." வயித்துல எரிச்சல். பசியா கோவமா தெரியல. வீட்டுக்கு வந்தா கரண்ட் இல்ல. அனல் மின்நிலையம் இந்தா இருக்கு, சாம்பல் மட்டும் நமக்கு.

ஜூன் 12, வியாழன்
இசை எப்ப ஆரம்பிச்சதுன்னே தெரியக் கூடாதாம். ஒரு சத்தத்துக்குள்ள நுழைச்சிடணும். எங்க ஊர்ல சத்தத்துக்கா பஞ்சம்! எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் ட்ரெய்லர் ஹாரனை ஃபோன்ல பிடிச்சேன். எஃப் ஷார்ப்புக்குக் கிட்ட. அதே சுரத்துல செல்லோ, ஹாரன் அடங்குறதுக்கு முன்னாடியே உள்ள. அம்மா சமையக்கட்டுலேருந்து, "எவன்டா அவன், இவ்ளோ நேரமா ஹாரன் அடிக்கிறான்?" துள்ளிக் குதிச்சேன். அம்மா முறைச்சா.

ஜூன் 14, சனி
மீன்பிடித் தடைக்காலம் முடியுது. காசிமேட்டுல ஐஸ் உடைக்கிற சத்தம். ராத்திரி அண்ணன் கிளம்பினான். அம்மா வாசல்ல நின்னா, பேசல. நான் மனசுக்குள்ள செகண்ட் எண்ணிட்டிருக்கேன். சீ. என்ன ஜென்மம்.

ஜூன் 17, செவ்வாய்
இன்னிக்கு "எடு" இல்ல. "மொத்தத்தையும் 4 ஃபிரேம் பின்னால தள்ளு." செகண்டுல ஆறுல ஒரு பங்கு. தள்ளினேன். அம்மா பாத்துட்டா, அதுக்கு அப்புறம்தான் விழுது. சனிக்கிழமை வாசல்ல பாத்த மாதிரியே இருக்கு. சார்கிட்ட சொல்லல.

அண்ணன் ஃபோன் இல்ல. கடல்ல சிக்னல் கிடைக்காதுன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். கானா காசு வரல, நாளைக்குத் திரும்பக் கேக்கணும். அடுத்த சீன் சண்டை. சார் டிரம்ஸ் கூடாதுன்னுட்டார்.