மணல் சக்கரமும் சேட்டன் கடையும்

கயாக் தெரியும்தானே மக்களே? துடுப்பு போட்டு ஓட்டுற சின்னப் படகு. எங்க வீட்டுல இருக்கிறது ரெண்டு பேர் உட்கார்ற பிளாஸ்டிக் படகு, எடை 30 கிலோ. இங்க கோவாவில, பணஜி மிராமார் கடற்கரையில ரோட்டுலேர்ந்து தண்ணி வரைக்கும் நல்ல அகலமான மணல். அதைத் தாண்டி 30 கிலோவைத் தூக்கிட்டுப் போக நான் பாகுபலி இல்லை (தங்கமணி இதை வழிமொழிகிறார்). அதுக்குத்தான் ரெண்டு சக்கரம் வச்ச ஒரு தள்ளுவண்டி.

அந்தச் சக்கரம் பார்க்க மஞ்சள் பூசணிக்காய் மாதிரி குண்டா, மெத்துமெத்துன்னு இருக்கும். உள்ளே டியூப் கிடையாது. காத்து வெறும் 3 பி.எஸ்.ஐ.தான். ஸ்கூட்டர் டயருக்கு 25, 30 வைக்கிறோமே, அதுல பத்துல ஒரு பங்கு. காரணம் சிம்பிள் கணக்கு. 30 பி.எஸ்.ஐ. சக்கரம்னா 30 கிலோ பாரமும் சக்கரத்துக்கு சுமார் 7 சதுர செ.மீ. இடத்துல இறங்கும். அரைத் தீப்பெட்டி அளவு கூட இல்லை, மணல்ல புதைஞ்சிடும். 3 பி.எஸ்.ஐ.ன்னா சக்கரம் சப்பையாகி 70 சதுர செ.மீ.க்குப் பரவும். ஒட்டகத்தோட பாதம் மாதிரி மணல் மேலேயே போகும்.

போன அக்டோபர்ல அதுல ஒண்ணு பஞ்சர். காத்து கம்மிங்கிறதால டப்புன்னு வெடிக்கலை, கரைக்கு வர்றதுக்குள்ள மெல்லத் தொங்கிப்போச்சு.

"சரி, புதுசு வாங்கிப் போட வேண்டியதுதானே"ன்னு நீங்க கேக்கலாம். விஷயம் சக்கரம் இல்லை, எங்க அப்பா.

அப்பா திருநெல்வேலிப் பக்கம் அரசு பஸ் டிப்போவில டயர் செக்‌ஷன்ல முப்பது வருஷம் இருந்தவர். அம்மா போனதுக்கப்புறம் 2024ல எங்களோட வந்துட்டார். கொங்கணி தெரியாது, இந்தி தெரியாது. நாங்க ஆபீஸ், பேரன் ஸ்கூல்னு கிளம்பினா, டிவியும் அவரும்தான். அவர் தானா வெளியே கிளம்பறது ஞாயித்துக்கிழமை காலைல மட்டும். படகுல ஏற மாட்டார். ஆனா வண்டியை இழுக்கிறது அவர் டிபார்ட்மென்ட், வேற யாரையும் தொட விட மாட்டார். சக்கரம் போன ரெண்டு ஞாயிறும், "நீங்க போய்ட்டு வாங்கடா"ன்னு சோபாவிலேயே உட்கார்ந்துட்டார்.

மூணாவது சனிக்கிழமை அவரையும் சக்கரத்தையும் ஸ்கூட்டர்ல ஏத்திக்கிட்டு பஞ்சர் கடைக்குப் போனேன். கடைக்காரர் மலையாளி, நம்ம சேட்டன். சக்கரத்தைக் கட்டை விரலால அமுக்கிப் பார்த்துட்டு, "ஸாரே, இது ரப்பர் அல்லா"ன்னார்.

"அதைத்தான் நானும் நெனச்சேன்"ன்னு அப்பா பின்னாடியிலேர்ந்து குரல் கொடுத்தார். அவ்வளவுதான்! ரெண்டு பேரும் பிடிச்சுக்கிட்டாங்க. சைக்கிள் கடை சொல்யூஷன் ரப்பரோடதான் ஒண்ணா சேரும். இந்தச் சக்கரம் பாலியூரித்தேன், அதுல ஒட்டின மாதிரி இருந்துட்டு உரிஞ்சு வந்துடும். "அந்தக் காலத்துல சூடு வச்சு ஒட்டுவோமே, அது?"ன்னார் அப்பா. தோல் மெலிசு, ஓட்டை பெருசாயிடும்னார் சேட்டன். சில சக்கரங்கள் பி.வி.சி.யில வரும், அதைச் சுட்டா விஷப்புகை வேற. தமிழும் மலையாளமும் கலந்து நைலான் டயர், ரேடியல், ரீட்ரேடிங்னு பேச்சு நீண்டு அரை மணி நேரம் ஓடிடுச்சு. நான் ஓரமா நின்னு டீ குடிச்சேன்.

யூரித்தேன் பசையும் அதே ஜாதித் துண்டும் ஆன்லைன்ல வாங்கினோம். மீதியெல்லாம் அப்பாதான். தேவைப்படுறவங்களுக்காக அவர் செஞ்ச முறை:

முதல்ல கொஞ்சம் காத்தடிச்சு, சோப்புத் தண்ணியை பிரஷ்ஷால தடவணும். முட்டை விடுற இடம்தான் ஓட்டை. நான் இராவணன் மீசை முள்ளுன்னு நெனச்சேன், உள்ளே இருந்தது ஒடிஞ்ச தூண்டில் முள். எடுத்துட்டு பேனாவால வட்டம் போட்டு, காத்தை முழுசா இறக்கணும். உப்பு போக நல்ல தண்ணியில கழுவி, சுத்தமா காய விடணும். உப்புக்காகிதத்தால லேசாத் தேய்ச்சு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால துடைக்கணும். அதுக்கப்புறம் அங்க விரல் படக்கூடாது. ஒட்டுத் துண்டு ஓட்டையைச் சுத்தி ரெண்டு, மூணு செ.மீ. கூட இருக்கணும், வட்டமா வெட்டணும். மூலை இருந்தா அங்கேர்ந்துதான் உரியும். பசையைத் தடவி அழுத்தி, மேலே பாரம் வச்சு ஒரு நாள் முழுக்கத் தொடாம விடணும். அப்பா வச்ச பாரம் எங்க வீட்டு இட்லி மாவு கிரைண்டர் கல்லு (தங்கமணி முறைச்சது தனிக்கதை).

காத்து கைப்பம்புலதான். கம்ப்ரஸர்ல வச்சா கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வீங்கி வெடிச்சிடும். காலைல அடிச்ச காத்து வெயில்ல விரியும், அதனால கொஞ்சம் கம்மியாவே வைக்கணும், நிழல்ல நிறுத்தணும்.

ஆறு மாசத்துக்கு மேல ஆச்சு, ஒட்டு அப்படியே இருக்கு. அதை விட முக்கியம், இப்போ அப்பா தினமும் சாயங்காலம் 5 மணிக்கு சட்டை மாட்டிக்கிட்டு சேட்டன் கடைக்குக் கிளம்பிடறார். அங்க அவருக்குன்னு ஒரு ஸ்டூல் இருக்கு. காத்து செக் பண்ண வர்றவங்ககிட்ட "கித்னா?"ன்னு கேக்கக் கத்துக்கிட்டாராம். பேரன்தான் வாத்தியார். பதில் வந்ததும் சேட்டனைத் திரும்பிப் பார்ப்பாராம், அது இன்னும் பாடத்துல வரலை.