ஓட்டை மங்கு

தமிழாசிரியனாக முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றிய எனக்கு, 'நிலைத்தல்' என்னும் சொல்லின்மீது ஒரு தனிப் பற்று உண்டு. வகுப்பறையில் கல்வெட்டைப் பற்றிப் பேசினாலும், காப்பியத்தைப் பற்றிப் பேசினாலும், என் பேச்சு இறுதியில் அச்சொல்லில்தான் வந்து நிற்கும். நிலைத்து நிற்பதே கலை, நில்லாதது வேடிக்கை. இதனை எத்தனை மாணவர்க்கு எத்தனை முறை சொல்லியிருப்பேனோ, கணக்கில்லை. என் இளைய மகளும் அம்மாணவர்களுள் ஒருத்தியாக முன்வரிசையில் அமர்ந்து கேட்டவளே.

பொறியியல் படிப்பதற்காக அமெரிக்க நாட்டின் அரிசோனா மாநிலத்துக்குச் சென்ற அவள், இரண்டாம் ஆண்டிலேயே சிற்பக்கலைக்கு மாறிவிட்டாள். அதனால் எங்கள் இல்லத்தில் எழுந்த புயலை இங்கே விரித்துரைக்கப் போவதில்லை. அவளுடைய தாய் இடையில் நின்று இருவரையும் காத்தாள் என்று கூறினாலே போதும்.

2022ஆம் ஆண்டு ஒரு நாள் தொலைபேசியில் அழைத்தாள். குரலில் மகிழ்ச்சி பொங்கியது.

"அப்பா, நான் அனுப்பிய வரைபடத்தை நகரத்தார் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். டெம்பே நகரில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் என் சிற்பத்தை வைக்கப் போகிறேன்."

"நல்லதம்மா. எத்தனை காலத்துக்கு?"

"ஓராண்டுக்கு."

"பிறகு?"

"பிறகு நானே கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். இடத்தைப் பழையபடி ஒப்படைக்க வேண்டும்."

நான் சிறிது நேரம் பேசவில்லை. ஓராண்டில் பிரித்தெடுப்பதற்கா இத்தனை படிப்பு, இத்தனை செலவு? அந்தக் கேள்வியை நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேளாமலே அவள் அறிந்துகொண்டாள் போலும். "தாளி கட்டும் கோலமும் மறுநாள் அழிகிறதே, அப்பா" என்றெல்லாம் அவள் வாதாடவில்லை. "நீங்கள் ஒருமுறை வந்து பாருங்கள்" என்று மட்டும் சொன்னாள்.

டெம்பே என்பது ஃபீனிக்ஸ் மாநகரை ஒட்டியுள்ள நகரம். அவ்வட்டாரம் முழுவதும் சொனோராப் பாலைவனத்தின் நடுவில் இருக்கிறது. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஃபீனிக்சிலோ ஏறத்தாழ 180 மில்லிமீட்டர்தான். ஆயினும் அங்கே ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஹோஹோக்கம் எனப்படும் மக்கள் ஆற்றிலிருந்து நெடுங்கால்வாய்கள் வெட்டி உழவு செய்தார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் அவர்களின் ஊர்கள் வெறிச்சோடின. பின்னர் வந்தோர் அவர்களின் கால்வாய்த் தடங்களைத் தூர்வாரி மீண்டும் நீர் பாய்ச்சினர். சாம்பலிலிருந்து எழும் பறவையின் பெயர் அந்நகரத்துக்கு வந்தது இதனால்தான்.

அந்நகரில் பொதுவிடக் கலைக்குப் பஞ்சமில்லை. ஃபீனிக்ஸ் 1986ஆம் ஆண்டிலேயே பொதுக் கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒரு பங்கு வரை கலைக்கென ஒதுக்கும் சட்டத்தை இயற்றியது. ஆனால் அப்பணத்தில் எழுவன பெரும்பாலும் நிலையான படைப்புகள். ஐம்பது ஆண்டுகள் நிற்கப்போகும் ஒன்றை நகரத்தார் யாரிடம் ஒப்படைப்பார்கள்? முன்பே பெரிய பணிகளைச் செய்து முடித்தவரிடம்தானே! முன்பணி இல்லாதவருக்குப் பணி இல்லை. பணி இல்லாதவருக்கு முன்பணி எங்கிருந்து வரும்? வேலை தேடி அலைந்த இளைஞர் யாவரும் அறிந்த வட்டம்தான் இது. அவ்வட்டத்தை உடைப்பதற்கு அவ்வூரார் கண்ட வழியே தற்காலிகச் சிற்பம். 'இன் ஃபிளக்ஸ்' என்னும் பெயரில் ஸ்காட்ஸ்டேல், டெம்பே முதலிய அண்டை நகரங்கள் கைகோத்து நடத்திய திட்டம் இவ்வகையைச் சேர்ந்தது. காலியாகக் கிடந்த கடைகளின் கண்ணாடிச் சன்னல்களில் உள்ளூர்க் கலைஞர்களின் படைப்புகளை வைப்பதில் தொடங்கி, அது திறந்தவெளிக்கும் பரவியது. ஓராண்டுதான் என்னும்போது நகரத்தாருக்கு அச்சம் குறைகிறது. படைப்பு சரியில்லையென்றாலும் ஓராண்டில் போய்விடும் அல்லவா? இந்தத் துணிவில்தான் பெயரறியாத ஒருவரிடம் தெருமுனையைக் கொடுக்கிறார்கள். என் மகளுக்குக் கிடைத்ததும் அத்தகைய ஒரு வாய்ப்பே.

அவள் செய்தது மூன்று இரும்பு மரங்கள். ஒவ்வொன்றும் நான்கு மீட்டர் உயரம். கிளைகளிலிருந்து கம்பியில் தொங்கும் வெள்ளை மங்குகள், மொத்தம் தொண்ணூற்றாறு. தோட்டப்புறத்தில் பிறந்தவர்களுக்கு மங்கு என்றால் விளக்க வேண்டியதில்லை. ரப்பர் மரத்தில் வெட்டிய கோட்டின் வழியே வடியும் பாலை ஏந்தும் கிண்ணம் அது. என் தாய் நாற்பது ஆண்டுகள் அம்மங்குகளைத் துடைத்துக் கவிழ்த்தவர். பேத்தி அவரை ஒரு சிறு குழந்தையாகத்தான் பார்த்திருக்கிறாள். ஆனாலும் மழையில்லாத அந்நாட்டில் வெறும் மங்குகளைத் தொங்கவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

கலைஞர் நினைத்ததையெல்லாம் தெருவில் வைத்துவிட முடியாது என்பதை நான் அப்போதுதான் அறிந்தேன். நிலத்தைத் தோண்டக் கூடாது. கீழே நீர்க்குழாயும் மின்கம்பியும் ஓடுகின்றன. ஆகவே சிமெண்டுக் கட்டைகளின் கனத்திலேயே மரங்கள் நிற்க வேண்டும். கோடையில் புழுதிப் புயல் வீசும் ஊர் அது. காற்றின் விசையைக் கணக்கிட்டுப் பொறியாளர் ஒருவர் கையொப்பமிட வேண்டும். (பாதியில் விட்டுவந்த பொறியியல் இங்கே கைகொடுத்தது என்று அவள் தாயிடம் சொல்லிச் சிரித்தாளாம். என்னிடம் சொல்லவில்லை.) குளிர்கால விடியலில் ஐந்து டிகிரி செல்சியசில் நிற்கும் இரும்பு, கோடை வெயிலில் அறுபத்தைந்து டிகிரியை எட்டும். நான்கு மீட்டர்க் கம்பி அந்த வேறுபாட்டில் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் நீளும். அதற்கு இடம்விடாவிட்டால் பற்றவைத்த மூட்டுகள் நெகிழ்ந்துவிடுமாம். எனவே திருகாணித் துளைகளை வட்டமாக அன்றி நீள்வட்டமாகக் குடைந்தாள். சுடும் இரும்பைக் குழந்தைகள் தொட்டுவிடாமலிருக்க, கையெட்டும் உயரம் வரை தண்டுகளில் கயிறு சுற்றினாள். அக்கயிற்றைச் சாய்வாகச் சுற்றியதால் அது பால்வெட்டுக் கோடு போலவே அமைந்துவிட்டது. தடையாக வந்த ஒன்று அழகாகிவிட்டது என்று சொன்னாள்.

கடைசியாக வந்த நிபந்தனைதான் எனக்குச் சினமூட்டியது. மங்குகளில் நீர் தேங்கக் கூடாது, கொசு முட்டையிடும். கொசு பரப்பும் மேற்கு நைல் நோய் 2021ஆம் ஆண்டில் அம்மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கியிருந்ததால், அதிகாரிகளின் அச்சத்தில் நியாயம் இருந்தது. ஒவ்வொரு மங்கின் அடியிலும் ஓட்டை போடும்படி கூறிவிட்டார்கள்.

"ஓட்டை மங்கா? உன் பாட்டி இருந்திருந்தால் கங்காணிக்குப் பயந்து தூக்கி எறிந்திருப்பார். நீ ஒத்துக்கொண்டாயா?" என்று கேட்டேன்.

"ஒத்துக்கொண்டேன் அப்பா. ஓட்டை இல்லையென்றால் மங்கும் இல்லை."

2022 நவம்பரில் மரங்கள் எழுந்தன. அடுத்த சில மாதங்களில் குளிர்கால மழை பெய்தபோது தொண்ணூற்றாறு ஓட்டைகளிலிருந்தும் சொட்டுச் சொட்டாக நீர் இறங்கியதாம். மழை நின்ற பிறகும் மரங்களின் கீழ் மட்டும் சிறிது நேரம் மழை பெய்துகொண்டிருந்ததாம். பள்ளிப் பிள்ளைகள் அங்கே போய் நின்றார்களாம். பிறகு வந்தது அந்தக் கோடை. 2023 ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை, முப்பத்தொரு நாள்கள் இடைவிடாமல் ஃபீனிக்சின் உச்ச வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 43 டிகிரி செல்சியசை எட்டியது அல்லது தாண்டியது. அவ்வாண்டுக் கோடை மழையோ, அங்கே பதிவான பருவங்களிலேயே மிகக் குறைவானது. ஓட்டைகளுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

பிரித்தெடுக்கும் நாளுக்கு முன்பாவது பார்த்துவிட வேண்டும் என்று என் மனைவி வற்புறுத்தியதால், அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் நான் புறப்பட்டேன்.

நேரில் கண்டபோது சொல்லத்தக்கதாக ஒன்றும் தோன்றவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். கயிறு வெளிறிச் சாம்பல் நிறமாகியிருந்தது. மங்குகளின் வெள்ளைச் சாயம் தெற்கு நோக்கிய பக்கத்தில் பொரிந்திருந்தது. நான் நிலையத்து இருக்கையில் அமர்ந்துவிட்டேன். அரைமணி நேரத்தில் நான் கண்டவர்களுள் பெரும்பாலோர் அம்மரங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஒரு முதியவர் மட்டும் ரயிலுக்குக் காத்திருக்கையில், தம் பையை ஒரு மரத்தின் கயிற்று வரம்பில் சாய்த்து வைத்தார். தினமும் அங்கேயே சாய்ப்பவர் போல, திரும்பிப் பாராமலே சாய்த்தார். அது ஏனோ என் நெஞ்சைத் தொட்டது.

மறுநாள் மகள் என்னை ஃபீனிக்ஸ் நகர் நடுவிலுள்ள பூங்காவுக்கு அழைத்துச் சென்றாள். அங்கே நூறடிக்கும் மேலான உயரம் வரை வானில் விரிந்து தொங்கும் ஒரு பெரும் வலையைக் கண்டேன். காற்றுக்கேற்ப அசைந்து உருமாறும் அது, ஜேனட் எக்கல்மன் என்னும் அமெரிக்கச் சிற்பி 2009ஆம் ஆண்டில் அமைத்தது, நிலையான படைப்பு.

"இவர் இந்த வலையை எங்கே கற்றார் தெரியுமா, அப்பா? மாமல்லபுரத்தில்."

நான் திகைத்தேன். 1997ஆம் ஆண்டு, அவ்வம்மையார் ஓவியராகத்தான் அங்கே சென்றாராம். அனுப்பிய சாயங்கள் வந்து சேரவில்லை. ஊரிலுள்ள சிற்பிகளைப் பார்த்து வெண்கல வார்ப்பில் முயன்றார். அது கனமாகவும் செலவு மிக்கதாகவும் இருந்தது. ஒரு மாலை கடற்கரையில் மீனவர்கள் வலைகளைக் குவிப்பதைக் கண்டார். அவர்களுடன் சேர்ந்து வலையாலேயே உருவங்கள் முடைந்து, கம்பங்களில் ஏற்றிப் படம் பிடித்தார். கடற்காற்றில் ஆடிய அவ்வுருவங்களின் வழியில் வந்ததே இந்த வானத்து வலை.

அந்தத் தொண்ணூறுகளில்தான் நானும் ஆசிரியர் குழுவோடு மாமல்லபுரம் சென்றேன். பாறைச் சிற்பங்களின் முன் நின்று நிலைத்தலைப் பற்றி அரைமணி நேரம் உரையாற்றினேன். பின்னால் கடற்கரையில் வலைகள் இருந்தன. உணக்கிய மீனின் வாடை பொறுக்காமல் அப்பக்கம் திரும்பவில்லை என்பதும் நினைவிருக்கிறது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. எண்பதுகளில் ஒரு மாணவர் தொகுப்புக்குக் கட்டுரை தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. தோட்டத்துப் பையன் ஒருவன், பதினாறு வயதிருக்கும், நான்கு பக்கம் எழுதிக்கொண்டு மிதிவண்டியில் வந்தான். ஒற்றுப்பிழைகள் மிகுந்திருந்தன. ஆனால் தன் வீட்டு ஒழுகும் கூரையைப் பற்றி அவன் எழுதியிருந்த ஒரு பத்தி இன்றும் என் கண்முன் நிற்கிறது. "தம்பி, நூல் என்பது நிலைத்து நிற்பது. இது இன்னும் பழுக்கட்டும்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். கனிவாகத்தான் சொன்னேன். அவன் தலையசைத்துவிட்டுப் போனான்; மீண்டும் வரவில்லை. பள்ளியின் சுவரிதழில் அதை ஒரு மாதம் ஒட்டிவைத்திருக்கலாம். சுவரிதழ் என் பொறுப்பில்தான் இருந்தது. அதில் அந்த மாதம் என்னுடைய கட்டுரை ஒன்று இருந்தது.

நவம்பர் முதல் வாரத்தில் மரங்களைப் பிரித்தோம். மகள், அவளுடைய தோழர் இருவர், நான். எழுபது வயதில் ஸ்பேனர் பிடித்தேன். ஓராண்டு வெயிலுக்குப் பிறகும் திருகாணிகள் இடர்ப்படாமல் சுழன்றன. நம் ஊராக இருந்தால் துருப்பிடித்து அறுத்துத்தான் எடுத்திருக்க வேண்டும். வைத்துப் பாதுகாக்க அவளுக்கு இடமில்லை. மரங்கள் ஒரு தோழரின் கொல்லைக்குப் போயின. மங்குகளை, கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தாள். அந்த முதியவர் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அடியிலுள்ள ஓட்டை வழியே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வருத்தமாக இல்லையா, அம்மா?" என்று கேட்டேன்.

"இருக்கிறது" என்றாள். "மெசா நகரத்தில் இரண்டாண்டுகளுக்கு ஒன்று வைக்க விண்ணப்பம் போட்டிருக்கிறேன். இதன் படங்களைத்தான் அனுப்பினேன்."

சிமெண்டுக் கட்டைகளைச் சுமையுந்து தூக்கிச் சென்றபின் நடைபாதையில் மூன்று சதுரங்கள் மட்டும் புழுதிபடாமல் தெளிவாகத் தெரிந்தன. நாங்கள் அவற்றைத் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டிருக்கும்போதே ஓர் இளைஞன் அளவு நாடாவும் சுண்ணக்கட்டியுமாக வந்து சேர்ந்தான். அடுத்த ஆண்டு அவ்விடம் அவனுக்காம். இருபத்திரண்டு வயதுக்கு மேல் இராது.

"ஐயா, இந்த முனையைச் சற்றுப் பிடித்துக்கொள்கிறீர்களா?" என்று என்னைக் கேட்டான்.

நான் குந்தி அமர்ந்து பிடித்துக்கொண்டேன். அவன் நாடாவை இழுத்தபடி பின்னோக்கி நடந்து, குனிந்து கோடு போடப் போனான்.

"அங்கே வேண்டாம்" என்று என் மகள் துடைப்பத்தோடு ஓடினாள். "அதற்குக் கீழே குழாய் போகிறது. இரண்டடி தள்ளிப் போடு."