பழைய காரும் முன்சக்கரத்துச் சத்தமும்



"டீச்சர், அந்த மாருதி 800-ஐ இன்னுமா ஓட்டுறீங்க?" என்று கேட்பவர்களுக்காக இந்தப் பதிவு. ஓட்டுகிறேன். 1998 மாடல். வத்தலக்குண்டிலிருந்து வட்டக்கானல் வரை அதில்தான் போகிறேன். அங்கே நிறுத்திவிட்டு வெள்ளகவிக்கு நடை. ஊருக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிவிட வேண்டும் என்பதை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

போன மாதம் மலையிறங்கும்போது முன்பக்கம் சத்தம். ஒரு பட்டறையில் ஓட்டிக்கூடப் பார்க்காமல், "சஸ்பென்ஷன் மொத்தமா மாத்தணும்மா" என்றார்கள். மகனோ, "பேசாம வித்துருங்கம்மா" என்கிறான். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த வெள்ளகவிப் பையன் ஒருவன் மெக்கானிக்காக இருக்கிறான். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, எனக்கு இன்னும் பையன்தான். அவனிடம் போனேன்.

"எப்படிச் சத்தம் வருதுன்னு சொல்லாதீங்க டீச்சர். எப்போ வருதுன்னு எழுதிட்டு வாங்க" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு வலிக்கிறது என்று வரும் பிள்ளையிடம் நான் கேட்ட கேள்வி அதுதானே! எப்போது வலிக்கிறது என்று கேட்டால்தான் கணக்கு வகுப்பு என்பது வெளியே வரும்.

நோட்டுப் புத்தகத்தோடு பெருமாள்மலை வரை ஏறி இறங்கினேன். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் சத்தமில்லை. அப்படியானால் மேலே இருக்கும் ஸ்ட்ரட் மவுன்ட் பரவாயில்லை. கொண்டை ஊசி வளைவில் முழுக்க ஒடித்துத் திரும்பும்போது 'டக் டக் டக்' என்று வந்தால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட், அதுவும் இல்லை. சின்னப் பள்ளங்களில் 'லொட லொட'. லேசாகப் பிரேக்கை மிதித்துக்கொண்டே அதே பள்ளத்தில் விட்டாலும் சத்தம் குறையவில்லை, ஆகவே பிரேக் பேட் ஆடவில்லை. பிரேக் பிடித்ததும் ஒரு 'டொக்', விட்டதும் இன்னொரு 'டொக்'. டம்டம் பாறை வளைவுகளில் இது தவறாமல் வந்தது.

நோட்டைப் பார்த்ததும் பையன், "ஸ்டெபிலைசர் புஷ்" என்றான். 800-இல் அந்தக் கம்பி வண்டி சாயாமல் மட்டும் காப்பதில்லை. கீழ் ஆர்ம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருப்பதும் அதுதானாம். ரப்பர் தேய்ந்தால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் ஒரு நூல் பின்னால் தள்ளிப் போய் இடிக்கும். அதுதான் 'டொக்'. மலிவான சாமான், ஒரு மணி நேர வேலை.

அத்தோடு விட்டிருந்தால் நானும் சந்தோஷமாகக் கிளம்பியிருப்பேன். அவன் விடவில்லை. ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்டு வைத்து, இடது சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினான். ஆட்டம் இருந்தது. என்னைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினான். பேரிங்கில் கோளாறு என்றால் பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றுவிடுமாம். நிற்கவில்லை. டார்ச் அடித்துக் காட்டினான்: பால் ஜாயின்ட்டின் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் போய், உள்ளே மண். அத்தனை சத்தம் போட்டது புஷ். இது வாயே திறக்கவில்லை. பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் வெளியே மடங்கிவிடும். அந்த வளைவுகளில் அப்புறம் ஸ்டியரிங்கைப் பிடித்து என்ன பயன்?

"இதை மாத்தாம மலையேற வேணாம் டீச்சர்" என்று சாவியை வாங்கி வைத்துக்கொண்டான். நான் அதட்டிப் பார்த்தேன், நடக்கவில்லை. இரண்டு பக்கமும் பால் ஜாயின்ட்டோடு சேர்ந்த கீழ் ஆர்ம், நான்கு புஷ், வீல் அலைன்மென்ட். மொத்த சஸ்பென்ஷனும் மாற்ற வேண்டியிருக்கவில்லை; ஷாக் அப்சார்பர் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன.

அவனிடம் இதையெல்லாம் எங்கே கற்றாய் என்று கேட்டேன். ஊருக்கு அரிசி மூட்டை சுமந்த குதிரைகளின் பின்னால் நடந்தபோது, லாடம் தளர்ந்ததைக் குளம்புச் சத்தத்தில் அப்பா கண்டுபிடிப்பாராம். சத்தம் கேட்காவிட்டாலும் சாயங்காலம் நான்கு காலையும் தூக்கிப் பார்ப்பாராம்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள், ஆயில் மாற்றும்போதெல்லாம் அந்த ரப்பர் உறையையும் பார்க்கச் சொல்லுங்கள். வருகிற ஞாயிறு வெள்ளகவி போகிறேன். வட்டக்கானல் வரை முன்சீட் காலி. வருகிறவர்கள் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.