சட்டைக்குள் வைத்த பேப்பர்

கொஞ்சம் நீளமான பதிவு. டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

இன்று காலை ஐந்தே முக்காலுக்கு வழக்கம்போல சைக்கிளை வெளியே எடுத்தேன். பள்ளிவாசலில் பாங்கு முடிந்து, கோவில் மைக்செட் பாடத் தொடங்கியிருந்தது. சீட் முழுக்கப் பனி. கையால் வழித்தால் தண்ணீராகவே ஓடுகிறது. வீட்டுக்காரம்மா கோலம் போட்டபடியே தலையை நிமிர்த்தாமல், "குல்லா?" என்றார். அந்த மங்கி குல்லாயைப் போட்டால் பின்னால் வருகிற பஸ்ஸின் ஹாரன் கேட்காது, பத்து நிமிடத்தில் நெற்றி அரிக்கும். எத்தனையோ வருடமாகச் சொல்கிறேன். இந்த வழக்கில் எனக்கு இதுவரை தீர்ப்பு சாதகமாக வந்ததில்லை.

பதிவு குல்லாயைப் பற்றியது இல்லை. அதற்குப் பக்கத்தில் உள்ள ஒன்றைப் பற்றியது.

போன ஞாயிற்றுக்கிழமை என் மாணவன் ஒருவன் வீடியோ காலில் வந்தான். பெயரைப் போடவில்லை, போட்டால் கீழே வந்து சண்டை பிடிப்பான். பின்லாந்தில் ஔலு என்ற ஊரில் வேலை. ஆர்க்டிக் வட்டத்துக்குக் கொஞ்சம் தெற்கே, 65-வது அட்சரேகையில் இருக்கிற ஊர். குளிர்காலத்தில் மைனஸ் இருபது அங்கே அதிசயம் இல்லை. அந்தக் குளிரிலும் ஜனங்கள் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறார்களாம். சைக்கிள் பாதையில் விழுகிற பனியை வாரித் தள்ள நகராட்சியே ஆள் வைத்திருக்கிறது. குளிர்காலத்தில் சைக்கிள் ஓட்டுவது பற்றி 2013-ல் உலக நாட்டுக்காரர்கள் எல்லாம் கூடி முதல் மாநாடு நடத்தியதும் அந்த ஊரில்தான். நம் மங்கலம்பேட்டைப் பையன் அங்கே தினமும் சைக்கிள் மிதித்து ஆபீஸ் போகிறான்.

"எப்படிடா போற, காட்டு" என்றேன். போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினான். உடம்போடு ஒட்டி மெல்லிய கம்பளி பனியன். அதன் மேல் லேசான ஒரு சட்டை. அதற்கு மேல் காற்று நுழையாத ஜாக்கெட், அதுவும் மெலிசுதான். ஹெல்மெட்டுக்கு உள்ளே காதை மூடுகிற சன்னமான குல்லா. ஹேண்டில்பாரிலேயே தலையணை உறை மாதிரி இரண்டு பை மாட்டியிருக்கிறான், கையை அதற்குள் விட்டுப் பிடித்துக்கொள்கிறான். காலுக்குப் பெரிய சைஸ் ஷூ. இறுக்கமான ஷூவில் இரண்டு சாக்ஸ் போட்டால் ரத்தமும் ஓடாது, உள்ளே காற்றும் இருக்காது, விரல் மரத்துவிடும் என்றான்.

"இவ்வளவுதானா? மூட்டை மாதிரி கட்டிக்கிட்டுப் போவேன்னு நெனச்சேன்" என்றேன்.

"மூட்டை கட்டினா செத்தோம் சார். வீட்டை விட்டு வெளிய வரும்போது குளிரணும். மொத பத்து நிமிஷம் நடுங்கினாத்தான் சரியான டிரஸ். வாசல்லயே கதகதப்பா இருந்தா பாதி வழியில வேர்த்துடும். வேர்த்துட்டு சிக்னல்ல நின்னா அவ்ளோதான்."

அங்கே பருத்தி பனியனை யாரும் உள்ளே போடுவதில்லையாம். காரணத்தை அவனுக்கு ஒரு காலத்தில் நான்தான் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். நம்மைச் சூடாக வைப்பது துணி இல்லை, துணிக்குள் அசையாமல் நிற்கிற காற்று. காற்று அரிதிற்கடத்தி. அந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால், தண்ணீர் காற்றைப்போல ஏறக்குறைய 25 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். பருத்தி வேர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு விடவே விடாது. போதாததற்கு ஒரு கிராம் வேர்வை ஆவியாகப் போகும்போது 580 கலோரிக்குப் பக்கம் உடம்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். வெயில் காலத்தில் இதுதான் நமக்கு வரம்.

அடுத்தது காற்று. காற்று அசையாத விடியலில்கூடச் சைக்கிள்காரனுக்குக் காற்று உண்டு, அவனே உண்டாக்குகிறான். 1940-களில் அண்டார்டிகாவில் சைப்பிள், பாசெல் என்ற இருவர் ஒரு சின்ன உருளையில் தண்ணீரை ஊற்றி வெளியே தொங்கவிட்டு, எந்தக் காற்றில் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று கணக்கெடுத்தார்கள். குளிர்காற்றுக் கணக்குக்கு அதுதான் பிள்ளையார் சுழி. இன்று புழக்கத்தில் இருக்கிற அட்டவணைப்படி, மைனஸ் 10 டிகிரியில் 20 கிலோமீட்டர் வேகத்துக் காற்று முகத்தில் அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 18 மாதிரி. நம் ஊருக்கு அந்த அட்டவணை தேவையில்லை, 20 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே நமக்கு மார்கழி. ஆனால் விருத்தாசலம் ரோட்டில் விடியற்காலை மிதித்தவர்களுக்குத் தெரியும்: முந்திரித் தோப்பு ஓரமாக வரும்போது ஒரு கதகதப்பு இருக்கும், பள்ளமான வயல்வெளியில் இறங்கியதும் யாரோ ஈரத்துணியை மார்பில் போர்த்தியதுபோல இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். மரத்தடியில் தரையின் சூடு வானத்துக்கு ஓடிவிடாமல் கொஞ்சம் தங்கும்.

பேசிக்கொண்டே வந்தவன் கடைசியில் சாதாரணமாகக் கேட்டான். "சார், எங்க கிளாஸ்ல சட்டைக்குள்ள பேப்பர் வச்சிக்கிட்டு வருவானே, அவன் எங்க இருக்கான்?"

எனக்கு அன்று இரவு சரியாகத் தூக்கம் இல்லை.

1993 டிசம்பர். பத்தாம் வகுப்பு. காலை ஏழரைக்கு ஸ்பெஷல் கிளாஸ். அவன் ஒரு மணி நேரம் மிதித்து வருவான். அப்போது அரசு சைக்கிள் எல்லாம் கிடையாது, அவன் அண்ணனுடைய சைக்கிள், பாருக்கு மேல் கால் எட்டாமல் எட்டும். ஸ்வெட்டர் கிடையாது. ஒருநாள் பெஞ்சில் உட்காரும்போது 'மொறமொற' என்று சத்தம். பிள்ளைகள் சிரித்தார்கள். "என்னடா சத்தம்?" என்றேன். எழுந்து நின்று இரண்டு பட்டனைக் கழற்றினான். உள்ளே, மார்பின் மேல், முந்தாநாள் தினசரி ஒன்று நாலாக மடித்து வைத்திருந்தது.

நான் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "சட்டைக்குள்ள என்னடா பொட்டலம் கட்டுற கடையா வச்சிருக்க? எடுத்துக் குப்பையில போடு."

வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். எடுத்து, கசக்காமல், மடிப்புக் கலையாமல் கொண்டுபோய்க் கூடையில் வைத்தான்.

அதே மாதம் அதே வகுப்புக்கு நான் நடத்திக்கொண்டிருந்த பாடம்: வெப்பக்கடத்தல், வெப்பச்சலனம், வெப்பக்கதிர்வீசல். அரிதிற்கடத்திக்கு எடுத்துக்காட்டு தருக என்று கேள்வியும் கொடுத்திருந்தேன். எடுத்துக்காட்டு சட்டைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. ரிட்டயர் ஆனபிறகு டிவியில் டூர் டி பிரான்ஸ் பார்த்தபோதுதான் தெரிந்துகொண்டேன்: மலையுச்சியை எட்டியதும் அந்த வீரர்கள் வழியில் நிற்பவர்களிடம் செய்தித்தாள் வாங்கி மார்பில் செருகிக்கொண்டுதான் இறக்கத்தில் பாய்வார்களாம். ஏறும்போது வேர்த்த உடம்பை இறங்கும்போது காற்று அறுக்காமல் இருக்க.

டிவி பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்று சொல்வதும் ஒரு சாக்குதான். எங்கள் அப்பாவைப் பார்த்தே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்பா விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் வேலை பார்த்தார். சூளைக்குள் 1200 டிகிரிக்கு மேல். ராத்திரி வேலை முடிந்து விடிகிற நேரத்தில் வெளியே வந்தால் பனி. அவர் உடனே சைக்கிளில் ஏறமாட்டார். கொட்டகை வாசலில் கால் மணி நேரம் சும்மா உட்காருவார். வேர்வை அடங்கியதும் ஈர பனியனைக் கழற்றி ஒயர் கூடையில் போட்டுவிட்டு, காய்ந்த பனியன் ஒன்றை மாட்டுவார். அதன் மேல் சட்டை. துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டி, சாக்கின் ஒரு மூலையை உள்ளே மடக்கித் தலையில் கவிழ்த்துக்கொள்வார், அது முதுகு வரை இறங்கும். ஒருமுறை நான் கூடப் போயிருந்தபோது, "குளிரு ஒண்ணும் பண்ணாதுடா, வேர்வைதான் ஆளைச் சாய்க்கும்" என்றார். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். ஔலுவில் பெரிய படிப்புப் படித்தவன் ஜாக்கெட் போட்டுக் காட்டிச் சொன்னதும் அதேதான்.

அப்படிப்பட்டவருடைய பிள்ளை நான்.

விசாரித்ததில் அவன் விருத்தாசலத்தில்தான் இருக்கிறான் என்று தெரிந்தது. செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிப் போனேன். சின்னதாக ஒரு கொட்டகை, பீங்கான் விளக்கும் பொம்மையும் அச்சில் ஊற்றிச் சூளைக்குக் கொடுக்கிறான். கார்த்திகை முடிந்துவிட்டதால் வேலை மந்தம். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தான். தலையில் பாதி நரை. நாற்காலியைத் துடைத்துப் போட்டான். டீ வந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். "பேப்பரா? வச்சிக்கிட்டு வந்தது ஞாபகம் இருக்கு சார். நீங்க குப்பையில போடச் சொன்னது ஞாபகம் இல்ல. லேட்டா வந்ததுக்கு வெளிய நிக்க வச்சீங்களே, அதுதான் ஞாபகம் இருக்கு."

ஆமாம். அதை நான் மறந்திருந்தேன். பேப்பர் இல்லாமல் அந்தப் பனியில் வர முடியாமல், வெயில் ஏறியபிறகு கிளம்பி எட்டேகாலுக்கு வரத் தொடங்கினான். தினமும் தாமதம். தினமும் வராந்தா.

"கிழக்குப் பாத்த வராந்தா சார் அது. எட்டேகால் வெயிலு நேரா மேல விழும். சுகமா இருக்கும். உள்ள ஜன்னலோரம் உக்காந்தவனுங்கதான் நடுங்கிக்கிட்டு இருப்பானுங்க." சொல்லிவிட்டு அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். டீயைக் குடித்து முடிக்கிற வரைக்கும் சிரிப்பு இருந்தது.

பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, குற்றம் சொல்கிற குரலில் இல்லை, ஏதோ கணக்கைச் சரிபார்ப்பதுபோலச் சொன்னான். "அந்த ஒரு மாசம் ஸ்பெஷல் கிளாஸ்ல நடத்துனது எனக்குப் போயிடுச்சு சார். அந்த வருஷம் சயின்ஸ்ல நாலு மார்க்குல போச்சு." என் முகம் மாறியதைப் பார்த்திருப்பான். "அட்டெம்ப்ட் எழுதி பாஸ் பண்ணிட்டேன் சார், விடுங்க. அதுக்குள்ள வேலைக்கு வந்துட்டேன், அப்படியே இருந்துட்டேன்."

முப்பத்து மூன்று வருடம் வாத்தியார் வேலை பார்த்திருக்கிறேன். நாலு மார்க் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கிளம்புகிற நேரத்தில் அவனுடைய மகள் சைக்கிளில் வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு. அரசு கொடுத்த சைக்கிள்தான். காலை ஐந்தரைக்கு டியூஷன். "அந்த நேரத்துல என்னம்மா போட்டுக்கிட்டுப் போற?" என்று கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டு காட்டினாள். அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையை முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி மாட்டிக்கொள்கிறாள். பட்டன் முதுகில், அதை அவள் அம்மா போட்டுவிடுவார். மார்பில் திறப்பே இல்லை, காற்று எந்த வழியாக நுழையும்? கைக்குப் பழைய சாக்ஸ். அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லையாம், வெள்ளன கொத்து வேலைக்குப் போகிறவர்கள் பைக்கில் அப்படிப் போட்டுப் போவதைப் பார்த்தாளாம்.

மூன்று விஷயம் மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றினால் இரண்டு நுனியையும் சட்டைக்குள் செருகிவிட வேண்டும், பின்சக்கரத்தில் சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். மேலே போடுகிற சட்டை வெள்ளையாக இருந்தால் நல்லது, மூடுபனியில் லாரிக்காரன் கண்ணுக்குத் தெரியும். டியூஷன் போய்ச் சேர்ந்ததும் மேல்சட்டையைக் கழற்றிவிட வேண்டும், வேர்த்திருந்தால் உள்சட்டையும் மாற்ற வேண்டும். கடைசி விஷயம் அவளுடைய தாத்தா வயதுக்காரர் ஒருவர் சூளை வாசலில் உட்கார்ந்து கண்டுபிடித்தது என்றேன். அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை, தலையை ஆட்டினாள்.

மலைப்பகுதிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அரசு கம்பளிச் சட்டை கொடுக்கிறது. சமவெளிக்குக் கிடையாது. நியாயம்தான், நம் ஊர்க் குளிர் வெயில் ஏறும்வரைதான். ஆனால் பிள்ளைகள் சைக்கிளில் ரோட்டில் இருப்பதும் அந்த நேரத்தில்தான். இப்போது வாத்தியாராக இருக்கிற என் மாணவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். தை முடிகிறவரை ஸ்பெஷல் கிளாஸை எட்டரைக்கு வைக்க முடியுமா என்று உங்கள் தலைமையாசிரியரிடம் கேட்டுப்பாருங்கள். முடியாதென்றால், தாமதமாக வருகிறவனிடம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பதற்கு முன் எங்கிருந்து வருகிறாய், என்ன போட்டுக்கொண்டு வந்தாய் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

ஔலுக்காரன் அவனுக்கும் அவன் மகளுக்கும் கையுறை அனுப்புகிறேன் என்று நிற்கிறான். தபால் செலவில் இங்கே ஒரு மூட்டை ஸ்வெட்டர் வாங்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். இருவரையும் போனில் பேசவிட்டேன், முக்கால் மணி நேரம் பேசினார்கள்.

அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. அந்த வகுப்புப் பிள்ளைகள் வாட்ஸாப் குரூப் வைத்திருக்கிறீர்கள், பொங்கலுக்குப் பொங்கல் சந்திக்கிறீர்கள், எனக்கும் சால்வை போட்டிருக்கிறீர்கள். அவன் அதில் இல்லை. யாரும் சேர்க்கவில்லை, அவனும் கேட்கவில்லை. அவனிடம் அனுமதி வாங்கிவிட்டேன், நம்பரை அட்மினுக்குத் தனியாக அனுப்புகிறேன். இன்றைக்கே சேர்த்துவிடுங்கள். குரூப்புக்கு '1994 பாஸ் அவுட்' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். அதை மாற்றிவிட்டுச் சேருங்கள்.