ஆயிரம் விளக்கும் ஒரு மாம்பழமும்

பள்ளிப் பருவத்தில் ஆங்கிலத் தேர்வொன்றில் நாம் எழுதிய விடைத்தாள் இன்றும் நினைவில் நிற்கிறது. தம்மைப் பற்றி ஐந்து வரி எழுதுமாறு கேட்டிருந்தனர். ஆயிரம் விளக்கில் வசிப்பதாக எழுதி, 'தவுசண்ட் லைட்ஸ்' என்பதைச் சிற்றெழுத்துகளால் முடித்தோம். மாம்பழம் பிடிக்கும் என்ற வரியிலோ மாம்பழத்திற்குப் பெரிய எழுத்து இட்டோம். இரண்டின் மீதும் சிவப்பு மை பாய்ந்தது. "ஆயிரம் விளக்கு எரிகிற வீட்டிலா இருக்கிறாய்?" என்று ஆசிரியர் வினவ, வகுப்பே நகைத்தது.

மாம்பழத்திற்கு ஏன் அப்பெருமை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருப்பின் விடை இருந்தது. அவ்வாண்டுதான் தமிழ் வகுப்பில் பெயர்ச்சொற்களைப் பயின்றிருந்தோம். மரம் இடுகுறிப் பொதுப்பெயர். மா, பலா ஆகியன இடுகுறிச் சிறப்புப்பெயர். பறவை காரணப் பொதுப்பெயர். மரங்கொத்தி காரணச் சிறப்புப்பெயர். ஆங்கில வகுப்பிலும் 'ப்ராப்பர் நவுன்' என்பதைச் சிறப்புப்பெயர் என்றே மொழிபெயர்த்து உரைத்தனர். சிறப்புப்பெயருக்குப் பெரிய எழுத்து வேண்டுமெனில் மாம்பழத்திற்கும் வேண்டுமன்றோ?

எண்ணத்தில் பிழையில்லை, பிழை சொல்லில் இருந்தது. நன்னூல் வழிவந்த பாகுபாட்டில் சிறப்பு என்பது பேரினத்துள் ஒரு வகையைச் சுட்டுவது. தோப்பில் நூறு மரம் நின்றாலும் நூறும் மாதான். ஆங்கிலம் கேட்பதோ வகையை அன்று, தனியொன்றை. தொல்காப்பியத்தில் சிறப்புப்பெயர் என்பதற்கு வேறொரு பொருளும் உண்டு. பட்டம் முதலிய சிறப்பினால் வரும் பெயர் அது. இயற்பெயருக்கு முன்னே நிற்கும் என்பது கிளவியாக்கத்து விதி. சாத்தன், கொற்றன் என உரையாசிரியர்கள் காட்டும் அவ்வியற்பெயரே ஆங்கிலத்தார் கருத்துக்கு அணுக்கமானது. அச்சொல்லையே பாடநூல்கள் ஆண்டிருந்தால் மாணவர் பலர் தப்பியிருப்பர்.

நம் நகரமும் இதில் மாணவனுக்கு உதவுவதில்லை. மயிலாப்பூரில் 'குளத்தருகே வா' என்றால் எக்குளம் என்று எவரும் கேளார். கபாலீசுவரர் கோயில் குளமே அது. லஸ் என்பது போர்த்துகீசியத்தில் வெளிச்சம். 1516-ஆம் ஆண்டைச் சேர்ந்த மாதா கோயிலால் அவ்வெளிச்சம் இடப்பெயராயிற்று. அடையாற்றின் கதை இன்னும் வேடிக்கை. ஆற்றைக் குறிக்கையில் ஆங்கிலம் முன்னே 'தி' சேர்க்கும். அதே பெயர் பூண்ட குடியிருப்பைக் குறிக்கையில் சேர்க்காது. தியாகராயரோ ஒற்றை எழுத்தாய்ச் சுருங்கி, பொதுச்சொல்லாகிய நகருக்கு முன் நிற்கிறார்!

அன்று மாலை விடைத்தாளைக் கண்ட வாப்பா சினக்கவில்லை. அவர் அறிந்தவை தமிழெழுத்தும் அரபெழுத்தும். இரண்டிலும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேற்றுமை இல்லை. "நபி என்றால் இறைத்தூதர் எல்லார்க்கும் பொது. நபிகள் நாயகம் என்றால் ஒருவர்தாம். எழுத்து பெருத்தா அதை அறிந்தோம்?" என்றார். பின்னர், "காயிதே மில்லத்தின் பெயர் என்ன, சொல் வாப்பா" என்று கேட்டார். நாம் விழித்தோம். சமுதாயத் தலைவர் என்னும் பொருளுடைய அப்பட்டம், 1972-இல் மறைந்த முகம்மது இஸ்மாயில் சாகிபின் இயற்பெயரையே விழுங்கிவிட்டதை அன்றுதான் அறிந்தோம். 1974-இல் தோன்றிய அரசு மகளிர் கல்லூரியும் அப்பட்டத்தையே பெயராகத் தாங்குகிறது. பட்டம் பெயருக்கு முன் நிற்கும் என்றார் தொல்காப்பியர். பெயரை வெளியேற்றித் தானே குடியேறுவதும் உண்டு போலும்.

"மாம்பழத்தின் நியாயத்தை வாத்தியாரிடம் சொல்" என்று வாப்பா அனுப்பினார். மறுநாள் நடுங்கியவாறே தமிழ் இலக்கண நூலை ஆங்கில ஆசிரியர்முன் விரித்தோம். அவர் அப்பக்கத்தை இருமுறை படித்தார். வகுப்பின் முன் நம்மை அழைத்து, மா, பலா எடுத்துக்காட்டைக் கரும்பலகையில் எழுதச் செய்தார். இம்முறை எவரும் நகைக்கவில்லை. மாம்பழத்திற்கு அரை மதிப்பெண் கிடைத்தது. ஆயிரம் விளக்கிற்குக் கிடைக்கவில்லை.