நல்லதண்ணியில் ஒலித்த அபாயமணி

ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தின் கரையைச் சுற்றிக்கொண்டு வரும் பாதை சிவனொளிபாத மலையின் அடிவாரத்தில் வந்து முடியும் ஊர் நல்லதண்ணி. உந்துவப் போயாவில் ஆரம்பமாகி வெசாக் போயாவுடன் நிறைவுறும் யாத்திரைக் காலத்தில் இரவும் பகலும் ஜனத்திரளால் நிறைந்திருக்கும் இக்கடைவீதி, தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் வெறிச்சோடிப்போகிறது. உரிமையாளர் வேறெங்கோ இருக்க, பூட்டிய கட்டடத்தைக் காக்கும் பொறுப்பை வயோதிக வாச்சர் ஒருவரும் சுவரில் பொருத்திய அபாயமணி ஒன்றும் பகிர்ந்துகொள்ளும் காலம் அது. அத்தகைய மழை இரவொன்றில், மணி ஒலித்ததும் புறப்பட்டுச் செல்லும் பொலிஸ் உத்தியோகத்தரின் தொழிலை அருகிருந்து காணும் சந்தர்ப்பம் எனக்குக் கிட்டியது.

விடுதியொன்றின் மணி ஒலித்து, ஹட்டனில் உறங்கிக்கொண்டிருந்த முதலாளியின் கைத்தொலைபேசியைத் தானாகவே அழைக்க, அவர் பதறிப்போய்ப் பொலிஸை அழைத்திருந்தார். சார்ஜன்ட் ஒருவரும் கான்ஸ்டபிள் ஒருவரும், விடுதிக்குச் சற்றுத் தொலைவிலேயே ஜீப்பை நிறுத்தி, விளக்குகளை அணைத்து, எஞ்சின் ஓசை அடங்கியபின் சில கணங்கள் அசையாமல் செவிமடுத்து நின்றார்கள். மழையோசைக்குள் வேறோசை உண்டா என்று பிரித்தறிவதே இத்தொழிலின் முதற்பாடம் போலும்.

"கதவுக்கு நேரா நிக்காதீங்க ஐயா, உள்ள ஆள் இருந்தா அந்த வழியாத்தான் பாய்ஞ்சு வருவான்" என்று கான்ஸ்டபிள் என்னைச் சுவரோரமாக ஒதுக்கினார். சார்ஜன்ட் முன்வாசலைக் கவனித்து நிற்க, அவர் பின்புறமாகச் சுற்றிச் சென்று, கீல், பூட்டு, கண்ணாடி, தகரக் கூரையின் விளிம்பு, வாசலின் ஈரமண் ஆகிய ஒவ்வொன்றின்மீதும் டோர்ச் ஒளியைச் சாய்வாக வீழ்த்திப் பார்த்தார்; நேரொளியில் புலப்படாத காலடித்தடம் சாய்வொளியில் நிழல் பெற்றுத் துலங்கும் என்று பின்னர் விளக்கினார். கதவின் கைப்பிடியை இருவரும் தொடவேயில்லை. களவு மெய்யாயின் விரலடையாளம் அங்கேதான் இருக்கும்.

அன்று களவு நிகழவில்லை. தாழ்ப்பாள் தளர்ந்த பின்கதவைக் காற்று உலுக்கியதால், கதவிலிருந்த காந்தத்துண்டு நிலையிலிருந்த தன் இணையைவிட்டு விலகி, மணியை ஒலிக்கச் செய்திருந்தது. ஆயினும், வாச்சரின் அறைக்குச் சென்று அவர் நலமாயிருப்பதைக் கண்டபின்னரே இருவரும் திரும்பினார்கள். அந்தச் செய்கையை நான் மிகவும் மதிக்கிறேன்.

அமெரிக்காவில் பொலிஸாருக்கு வரும் அபாயமணி அழைப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை பொய்யானவை என்று ஆய்வுகள் கூறுகின்றன. இதனால் சலிப்புற்ற சால்ட் லேக் சிட்டி நகரம், தனியார் காவலர் முதலில் சென்று உறுதிசெய்தாலன்றிப் பொலிஸார் செல்வதில்லை என்று 2000ஆம் ஆண்டில் விதி செய்தது. அவ்விதி அந்நகருக்குப் பொருந்தலாம். நமது மலைக்குப் பொருந்தாது. இங்கே முதலில் சென்று பார்க்க வேண்டியவர், கையில் தடி மாத்திரமே உள்ள முதிய வாச்சர்தான். "இன்னைக்குக் காத்து. நாளைக்கு ஆளா இருந்தா?" என்று சார்ஜன்ட் கேட்டதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

தோட்டங்களிலிருந்து வரும் அபாய அழைப்போ பெரும்பாலும் யந்திரத்தினுடையதன்று, மனிதக் குரலினுடையது. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் லக்ஷபான தோட்டத்தில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் அகப்பட்டபோது, வனஜீவராசிகள் உத்தியோகத்தர் வந்து அதை மீட்டு உடவளவைக்குக் கொண்டு சென்றும், சில தினங்களில் அது மாண்டுபோயிற்று. காட்டு மிருகமாயினும், லயன் அறையில் அடிபடும் பெண்ணாயினும், தகவல் சொல்லும் முதல் நிமிடத்திலேயே உதவியின் கதி பாதி நிர்ணயமாகிவிடுகிறது. இடம் எது, ஆபத்து இன்னும் இருக்கிறதா, அருகில் யார் என்ற மூன்று வினாக்களும் அழைப்பவரின் பாஷையில் எழவேண்டும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆனால் சிங்களம் பேசத் தெரிந்த கணக்கப்பிள்ளையைத் தேடி ஓடியபின்னரே பொலிஸை அழைத்ததாகச் சொல்லும் குடும்பங்களை மலையகத்தில் நான் சந்தித்திருக்கிறேன்.

ஆகவே அதிகாரிகளிடம் என் விண்ணப்பம் இது: மலையகத்துப் பொலிஸ் நிலையம் ஒவ்வொன்றிலும், இரவு பகல் எந்நேரமும், தொலைபேசியருகே தமிழ் அறிந்த உத்தியோகத்தர் ஒருவரை அமர்த்துங்கள்.