இத்தலார்: இரு நகரங்களின் புறநகர்

உதகையிலிருந்து எமரால்டு செல்லும் சாலையில், பெர்ன்ஹில்லைக் கடந்து, முத்தோரை பாலாடாவின் காரட் தோட்டங்களையும் தாண்டிச் சென்றால் இத்தலார் வருகின்றது. படுகர் பெருமக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் ஹட்டிகளுள் அதுவும் ஒன்று. அதன் பெயராலேயே ஓர் ஊராட்சியும் உண்டு. எமரால்டு, அவலாஞ்சி நீர்த்தேக்கங்களைக் காணும் ஆவலில் செல்லும் உல்லாசப் பயணிகள் பலர் இவ்வூரை வண்டியின் சன்னல் வழியே பார்த்துவிட்டுப் போய்விடுவர். நாம் இங்கு வந்தது காட்சி காண அன்று. புறநகர் என்றவுடன் நம் வாசகர்களுக்குத் தாம்பரமும் ஆவடியும் நினைவிற்கு வரும். தேயிலைச் சரிவின்மீது அமர்ந்திருக்கும் ஒரு ஹட்டியும் புறநகராக மாறக்கூடுமா என்று கண்டறிவதே நம் நோக்கம்.

உதகைக்குப் புறநகர் புதிதன்று. சலிவன் துரை 1820களில் அந்நகருக்கு அடிகோலிய பின்னர், வெள்ளையர் மேட்டில் பங்களாக்களைக் கட்டிக் கொண்டனர். அவர்களுக்கு உழைத்தவர்களும் கடைக்காரர்களும் நகரின் ஓரங்களில் குடியேறினர். குருசடித் திருத்தலத்தால் நம் குடும்பங்கள் பலவும் நன்கறிந்த காந்தல் அத்தகைய பகுதியே. பிற்காலத்தில், 1960இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையையொட்டி இந்து நகர் தோன்றியது. அவ்வாலை இன்று இல்லை. எனினும் காந்தலும் சரி, இந்து நகரும் சரி, பிழைப்பைத் தேடி வந்த மனிதரால் எழுந்தவை. காலையில் அடுப்புப் புகைந்தது; மாலையில் குழந்தைகள் தெருவில் ஆடினர்.

இன்று மலைச்சாலைகளின் ஓரத்தில் எழும்பும் கட்டடங்களோ வேறு வகையின. வண்ணம் பூசிய சுவர், இரும்புக் கதவு, கதவில் பூட்டு, உள்ளே காவலாளி ஒருவர். கோடை விடுமுறையில் சில நாட்கள் விளக்கெரியும், பிறகு இருள். மக்கள்தொகைக் கணக்கு கூறும் செய்தியோ வியப்பிற்குரியது. 2001இல் நீலகிரி மாவட்டத்தில் 7,62,141 பேர் இருந்தனர். 2011இல் 7,35,394 பேரே இருந்தனர். அப்பத்தாண்டுகளில் தமிழகத்தில் மக்கள்தொகை குறைந்த மாவட்டம் இஃதொன்றே. உதகை நகராட்சியிலும் 93,987 என்பது 88,430 ஆயிற்று. வீடுகள் பெருக, குடிகள் குறைந்த விந்தையை என்னென்பது!

குடிகள் எங்கே சென்றனர்? இதற்கு விடையறிய ஹட்டியின் பொருளாதாரத்தைச் சற்றே திரும்பிப் பார்த்தல் வேண்டும். சாமையும் கேழ்வரகும் விளைந்த நிலத்தில் ஆங்கிலேயர் காலத்தில் உருளைக்கிழங்கு வேரூன்றியது. 1961இல் கிழங்கின் வேரைத் தாக்கும் நூற்புழு இம்மலையில் கண்டறியப்பட்டது. விவசாயிகள் பலர் சிறிது சிறிதாகத் தேயிலைக்கு மாறினர். இத்தலாரிலும் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்று அமைந்து, சுற்று வட்டாரத்துச் சிறு விவசாயிகளின் பச்சை இலையைப் பெற்றுக்கொண்டது. நீலகிரித் தேயிலையை விரும்பி வாங்கிய சோவியத் நாடு 1991இல் சிதறியது. அப்பத்தாண்டின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை சரிந்து, பறிகூலிக்கும் உரத்திற்கும் கட்டுப்படியாகாத நிலை வந்துற்றது. அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருந்த தகப்பன், மகனிடம் மண்வெட்டியைக் கொடுக்க மனமின்றிக் கல்லூரிக்கு அனுப்பினார். அதில் என்ன தவறு?

கல்லூரி கோவையில், வேலையும் கோவையில், திருமணமானபின் வீடும் மேட்டுப்பாளையம் சாலையின் இருமருங்கிலும். துடியலூர், சரவணம்பட்டி, கவுண்டம்பாளையம் போன்ற புறநகர்களை 2011இல் கோவை மாநகராட்சி தன்னுள் சேர்த்துக்கொண்டது. மலையினின்று இறங்கியவர் பலர் அவ்வாறு மாநகரவாசிகளாயினர். ஆக, நிலத்தால் இத்தலார் உதகையின் புறநகராகிக் கொண்டிருக்கிறது. பிள்ளைகளால் கோவையின் புறநகராகி விட்டது.

ஹட்டியின் அமைப்பை நேரில் கண்டவர்க்கே இம்மாற்றத்தின் ஆழம் புலப்படும். பழைய படுகர் வீடுகள் தனித்தனியே நில்லா. ஒரு வீட்டின் பக்கச்சுவரே அடுத்த வீட்டிற்கும் சுவர். இவ்வாறு நீண்ட வரிசையாக, ஒரே முற்றத்தை நோக்கி நிற்கும். தானியம் உலர்வதும், முதியோர் வெயில் காய்வதும், வழக்கு பேசித் தீர்ப்பதும் அப்பொதுவெளியிலேதான். ஒரு வீட்டில் இருமல் கேட்டால் அடுத்த வீட்டில் கஷாயம் கொதிக்கும் என்று சொன்னால் மிகையாகாது. இப்போது வசதி பெற்றோர் வரிசையை விட்டு விலகி, காங்கிரீட் வீடும் சுற்றுச்சுவரும் எழுப்புகின்றனர். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. கழிப்பறையும், பெண்பிள்ளை படிக்கத் தனியறையும் வேண்டுமென விழைவது குற்றமாகாது. ஹட்டி காட்சிச்சாலையாக நின்றுவிட வேண்டும் என்று கேட்பவர், அங்கே ஒரு மழைக்காலம் தங்கிப் பார்க்கட்டும்.

நம் மனத்தை உறுத்துவது வேறு. மலையில் நிலத்தின் பேச்சு ஏக்கரிலிருந்து சென்ட்டுக்கு இறங்கிவிட்டது. தேயிலை தராத பணத்தைச் சாலையோரச் சென்ட் தருகிறது. மகளின் திருமணத்திற்கோ மருத்துவச் செலவிற்கோ விற்றுவிடுகின்றனர். வாங்குபவர் குடியிருக்க வாங்குவதில்லை. அவருக்கு அயலார் இல்லை. ஊர்ப் பள்ளியில் பிள்ளை இல்லை. சாவுக்குத் தோள் கொடுக்கும் கடமையும் இல்லை. ஆனால் அதே ஊற்றின் நீர் அவருக்கும் வேண்டும். தோட்டவேலைக்கு இன்று ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஏழைக் குடும்பங்கள் வருகின்றன. பூட்டிய பங்களாக்காரரைவிட அவர்களே ஊருக்கு நெருங்கிய அயலார் என்பது நம் கருத்து.

சரிவும் தாங்கவேண்டுமே! 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் நீலகிரியில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து, 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2019 ஆகஸ்டில், எமரால்டுக்கு அப்பாலுள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அடர்ந்த சோலை அந்நீரை உறிஞ்சும், புல்வெளி தாங்கும். செங்குத்தாக வெட்டி, வடிகாலை அடைத்துக் கட்டிய மனைக்கு அந்த வலிமை ஏது? 1990இலேயே மலைப்பகுதிப் பாதுகாப்புக்கென அரசு ஓர் ஆணையத்தை அமைத்தது. கட்டடத்தின் உயரத்திற்கும் வரம்புண்டு. விதிகள் ஏட்டில் குறைவில்லை.

ஹெத்தையம்மன் திருவிழா வரும்போது ஹட்டிகள் மீண்டும் நிரம்புகின்றன. வெள்ளாடை அணிந்த ஆடவரும் பெண்டிரும் குழுக்குழுவாகச் செல்கின்றனர். கோவையில் பிறந்த பேரக்குழந்தைகள் பாட்டியிடம் படுகு மொழியில் தடுமாறிப் பேச, பாட்டி தமிழில் விடை சொல்லும் காட்சியும் உண்டு. இழவு வீட்டிற்கும் அவ்வாறே. இரவோடிரவாக மலையேறி வந்துவிடுகின்றனர். அந்தப் பற்று இன்னும் அறுந்துபடவில்லை.

இதற்கிடையே, சுற்றுலா வண்டிகளின் நெரிசலைக் கட்டுப்படுத்துமாறு சென்னை உயர்நீதிமன்றம் பணித்ததால், 2024 மே 7 முதல் உதகைக்கு வரும் வெளிவண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. நீலகிரியின் டி.என். 43 பதிவெண் கொண்ட வண்டிகளுக்கு விலக்களிக்கப்பட்டது. கோவையில் பதிவு செய்த வண்டியில் தாய்வீட்டிற்கு வரும் இத்தலார் மகனுக்கு அவ்விலக்கு இல்லை. விடுமுறை பங்களாவிற்கு வருபவரைப்போல் அவனும் பெயரைப் பதிந்து பாஸ் பெற்றே கல்லாற்றைத் தாண்ட வேண்டியதாயிற்று.